ஒரே பெயர், இரண்டு மைதானம்

கடலூரில் பார்த்தால் ஒரு மைதானம். சிதம்பரத்தில் பார்த்தால் வேறொரு மைதானம். ஆனால் பார்த்ததோ ஒரே இணையதளம். கேட்கும்போதே தலை சுற்றுகிறதா? சனிக்கிழமை மத்தியானம் அறிவுமதிக்கும் அப்படித்தான் சுற்றியது.

அறிவுமதி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. பள்ளியின் கோ-கோ அணியில் அவளைப் போல் வளைந்து நெளிந்து ஓட ஆள் கிடையாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இளந்தளிர் கோ-கோ கழகம் நடத்தும் போட்டி. அதற்காகத்தான் அவர்கள் இத்தனை நாளும் மண்ணில் விழுந்து புரண்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டார்கள். நேரத்துக்கு வராத அணி ஆடாமலேயே தோற்றதாகிவிடும் என்பது கழகத்தின் விதி.

போட்டி கடலூரில், காலை பத்து மணிக்கு என்று கழகத்தின் இணையதளத்தில் இருந்தது. அறிவுமதி பார்த்தாள். கேப்டன் சுவேதா பார்த்தாள். விளையாட்டு ஆசிரியர் செம்பியன் சார் பள்ளிக் கணினியில் பார்த்தார். எல்லோருக்கும் கடலூர்தான், பத்து மணிதான்.

அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து பொன்னி கூப்பிட்டாள். பொன்னி அறிவுமதியின் சித்தி மகள். சிதம்பரம் அணியின் கேப்டன்.

"மதி, நாளைக்கு மேட்ச் எங்க ஊருல. எட்டு மணிக்கெல்லாம் வந்துடணும், தெரியும்ல?"

அறிவுமதி சிரித்துவிட்டாள். பொன்னி சொல்வதை உடனே நம்புகிற ஆள் அவர்கள் குடும்பத்திலேயே கிடையாது. போன பொங்கலுக்கு, தெற்கு வீதியில் யானை வந்திருக்கிறது என்று சொல்லி, வந்திருந்த விருந்தாளிகள் எல்லோரையும் வெயிலில் ஓடவிட்டவள் அவள்.

தான் பார்த்த பக்கத்தைப் பொன்னி படமெடுத்து அனுப்பினாள். அதில் சிதம்பரம் என்றுதான் இருந்தது. எட்டு மணி என்றுதான் இருந்தது. ஆனால் படத்தில் எழுத்தை மாற்றுவதெல்லாம் பொன்னிக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. அறிவுமதி பதிலுக்குத் தன் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். நீதான் ஏமாற்றுகிறாய் என்றாள் பொன்னி. நீதான் பொய் சொல்கிறாய் என்றாள் அறிவுமதி. இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அதில்தான் குழப்பமே.

கழகத்தின் தொலைபேசிக்குக் கூப்பிட்டால், வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே ஒவ்வொரு முறையும் வந்தது. அறிவுமதி சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலூர் மைதானத்துக்கே போய்ப் பார்த்தாள். வாசலில் பூட்டு. காவலாளி பக்கிரியிடம், நாளைக்கு இங்கே என்ன விசேஷம் என்று கேட்டாள்.

"என்னான்னு எனக்குத் தெரியாது பாப்பா. ஆனா ஜாஸ்தி கூட்டம் வரும், காலைலயே கேட்டைத் தொறந்து வையின்னு சொல்லியிருக்காங்க."

பிறகென்ன, போட்டி இங்கேதான். அறிவுமதி நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள். வந்ததும் பொன்னி மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை அவள் குரலில் கேலியே இல்லை.

"எனக்கு பயமா இருக்குது மதி. நீங்க வராம போயிட்டா நான் யாரோடடீ ஆடுவேன்?"

பொய் சொல்கிறவள் இப்படிப் பேச மாட்டாள். அறிவுமதிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். சரி, யாரை விசாரிப்பது? இணையதளத்தின் பெயரையே விசாரித்தால் என்ன என்று தோன்றியது.

போன கோடை விடுமுறையில் இருவரும் சிதம்பரத்தில் பைத்தான் வகுப்புக்குப் போயிருந்தார்கள். பைத்தான் என்பது கணினிக்கு வேலை சொல்லும் ஒரு மொழி. அதில் நூலகம் என்று ஒன்று உண்டு. புத்தகங்கள் இருக்கும் நூலகம் இல்லை. யாரோ முன்பே எழுதி, நாம் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளத் தயாராக வைத்திருக்கும் நிரல்கள். இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைக் கேட்டுச் சொல்லும் ஒரு நூலகத்தை வகுப்பில் காட்டியிருந்தார்கள். கணினிகள் ஒன்றையொன்று தேடிப் போவது எண்களால் ஆன அந்த முகவரியை வைத்துத்தான்.

அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் அறிவுமதி நான்கு வரி எழுதினாள். கழகத்தின் பெயரைக் கொடுத்தாள். 41 என்று முடியும் முகவரி வந்தது. அதே நான்கு வரியைப் பொன்னிக்கு அனுப்பினாள். பொன்னி தன் அப்பாவின் ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். 204 என்று முடியும் முகவரி வந்தது.

ஒரே பெயருக்கு எப்படி இரண்டு முகவரி? குழப்பம் தீர்வதற்குப் பதிலாக இப்போது எண்களோடு வந்து நின்றது.

அறிவுமதி முகவரியோடு நிறுத்தாமல், பதில் முழுவதையும் காட்டும்படி நிரலை மாற்றினாள். பெயர் ஒரு பக்கம், முகவரி ஒரு பக்கம், நடுவில் அறுபத்தோராயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண். இது எதற்கு? மறுபடி ஓட்டினாள். அந்த எண் குறைந்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஓட்டினாள். இன்னும் குறைந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். நொடிக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டிருந்தது.

நூலகத்தின் விளக்கப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. நல்லவேளை, புரிந்த பாதியிலேயே விஷயம் இருந்தது. நம் கணினி முகவரியை நேராகப் போய்க் கேட்பதில்லை. இணைப்புக் கொடுத்த கம்பெனியின் கணினியிடம் கேட்கிறது. அந்தக் கணினி ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருந்து, கேட்பவர்களுக்கெல்லாம் அதையே சொல்லும். இன்னும் எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்பதுதான் நடுவில் இருக்கும் எண்.

அறிவுமதிக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒருவர் வீடு மாற்றிப் போன பிறகும், விஷயம் தெரியாத கடைக்காரர் பழைய வீட்டுக்கே வழி சொல்வாரே, அது மாதிரி. கழகம் தன் தளத்தை இன்றைக்கு வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறது. போட்டியின் ஊரையும் நேரத்தையும் புதிய இடத்தில் மட்டும் மாற்றிவிட்டு, பழைய பக்கத்தை அழிக்க மறந்துவிட்டது. கடலூரில் பாதி வீடுகளுக்கு ஒரே கம்பெனி இணைப்பு. அது பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் வேறு கடைக்காரரைக் கேட்க வேண்டும். நிரலில் ஒரு வரியைச் சேர்த்து, வேறொரு கம்பெனியின் கணினியிடம் கேட்கச் சொன்னாள். 204. இன்னொன்றிடம் கேட்டாள். அதுவும் 204. மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்திருந்த அதே மடிக்கணினி பொன்னி சொன்னதையே சொன்னது. பொன்னி பொய் சொல்லவில்லை. அறிவுமதிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கடலூர்க் கம்பெனியின் கணினி பழைய பதிலை எப்போது மறக்கும் என்று, அந்த நொடிகளை மணிகளாக வகுத்துப் பார்த்தாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு மேல்தான். போட்டியோ எட்டு மணிக்கு. சைக்கிளை எடுத்தாள்.

பள்ளியில் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. பொன்னி சொன்னாளாம், இவள் நம்பினாளாம் என்று சுவேதா விழுந்து விழுந்து சிரித்தாள். அறிவுமதி நிரலையெல்லாம் விளக்கவில்லை. செம்பியன் சாரிடம், போனில் பள்ளியின் வைஃபையை அணைத்துவிட்டு அவருடைய சிம் இணைப்பில் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னாள். சார் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சிதம்பரம். எட்டு மணி. முதல் ஆட்டம் கடலூருக்கும் குடிகாட்டுக்கும்.

அதன் பிறகு சார் யாரையும் சிரிக்கவிடவில்லை. வேனுக்குச் சொன்னார். காலை ஆறு மணிக்கு எல்லோரும் பள்ளி வாசலில் நிற்க வேண்டும் என்றார். அண்ணாகிராமம், பெண்ணாடம் அணிகளுக்கும் தகவல் அனுப்பினார். அவர்கள் புதிய பக்கத்தையே பார்த்திருந்தார்கள்.

"அப்ப குடிகாடு?" என்று கேட்டாள் அறிவுமதி.

சுவேதா அவள் கையைக் கிள்ளினாள். போன வருஷம் அவர்களைத் தோற்கடித்து அழவைத்த அணி குடிகாடு. "அவுங்க வரலன்னா நாம ஆடாமயே ஜெயிச்சிடுவோம். கம்முனு இருடீ."

அறிவுமதிக்கு மறுபடியும் குழப்பம். ஜெயிக்கத்தானே இவ்வளவு நாள் ஓடினோம்? ஆனால் பொன்னியும் இதே மாதிரி நினைத்துக் கம்மென்று இருந்திருந்தால், நாளைக் காலை பத்து மணிக்கு நாம் எங்கே நின்றிருப்போம்? அவள் சாரிடம் போனைக் கேட்டு வாங்கினாள்.

குடிகாட்டின் பயிற்சியாளர் சௌந்தரம் டீச்சர் நம்பவே இல்லை. கடலூர்க்காரர்கள் தங்களை ஊர் மாற்றி அனுப்பிவிட்டு, ஆடாமல் ஜெயிக்கப் பார்க்கிறார்கள் என்றார். அறிவுமதிக்குக் கோபம் வரவில்லை. மத்தியானம் அவளும் இதையேதான் பொன்னியிடம் சொல்லியிருந்தாள்.

"என்னை நம்ப வேணாம் டீச்சர். வைஃபைய ஆஃப் பண்ணிட்டு நீங்களே பாருங்க. அப்பவும் கடலூர்னே வந்தா, வேற கம்பெனி சிம் வச்சிருக்குறவங்க போன்ல பாருங்க."

டீச்சர் டக்கென்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை வேன் கடலூர் மைதானத்தைத் தாண்டியபோது, வாசலில் ஏகப்பட்ட கூட்டம். எல்லோர் கையிலும் பேனாவும் நுழைவுச்சீட்டும் இருந்தன. மைதானத்தை ஒட்டிய பள்ளியில் ஏதோ வேலைக்கான தேர்வு. பக்கிரி சொன்ன கூட்டம் இதுதான். சுவேதா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அறிவுமதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சிதம்பரத்தில் பொன்னி மைதான வாசலிலேயே நின்றாள். அறிவுமதி வேனிலிருந்து குதித்து ஓடிப்போய், "நீ பொய் சொல்றன்னு சொன்னேன்ல, மன்னிச்சிடுடீ" என்றாள். யானைக்கு இது சரியாகப் போயிற்று என்று பொன்னி பெருந்தன்மையாகச் சொன்னாள்.

எட்டு மணி ஆகப்போகிறது. குடிகாட்டைக் காணோம். நடுவர் விசிலைக் கையில் எடுத்தார். சுவேதாவின் முகத்தில் சிரிப்பு மெல்ல வந்தது. அறிவுமதியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவள் கண் வாசலிலேயே இருந்தது.

ஒரு மினி வேன் தூசியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே வந்தது. பாதி பின்னிய சடையோடும், ஒரு கையில் ஷூவோடும் குடிகாட்டுப் பெண்கள் குதித்து ஓடிவந்தார்கள். பின்னாலேயே சௌந்தரம் டீச்சர். தெருவில் இருந்த போன்களில் எல்லாம் பார்த்த பிறகுதான் கிளம்பினார்களாம். அவர் நேராக அறிவுமதியிடம் வந்து, அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆட்டம் நடந்தது. ஆட்டம் என்றால் அப்படி ஓர் ஆட்டம். கடலூர் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

சுவேதா இடுப்பில் கை வைத்து அறிவுமதியை முறைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் மண்.

"உன்னாலதான் தோத்தோம். ஆனா இந்த மாதிரி நான் எப்பவுமே ஆடினதில்லடீ" என்று சொல்லிவிட்டு, அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இறுதி ஆட்டம் குடிகாட்டுக்கும் சிதம்பரத்துக்கும். எங்கள் பக்கம் வந்து கத்து என்று குடிகாட்டுப் பெண்கள் அறிவுமதியின் ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். உன்னைக் கூப்பிட்டதே நான்தானே என்று பொன்னி இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாள். யார் பக்கம் போவது என்று அறிவுமதிக்கு ஒரே குழப்பம். கடைசியில் நடுக்கோட்டுக்கு நேராகப் போய் உட்கார்ந்து, இரண்டு அணிக்கும் சேர்த்தே கத்தினாள். கடலூருக்குத் திரும்பி வரும்போது அவளுக்குக் குரலே இல்லை.