திறந்த ரேக்கில் ஒரு திருட்டு

சனிக்கிழமை காலை. வாசகசாலையைத் திறந்து விளக்கைப் போட்டதும் சஃப்ரின் வந்து நின்றாள். பேய் பங்களா கதையை இன்னொரு தடவை படிக்க வேண்டுமாம். அது இரண்டாவது தட்டில் இடது ஓரம் இருக்கும் என்று சங்கரேஸ்வரிக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கையை நீட்டினாள். அங்கே வேறு புத்தகம் இருந்தது. மேல் தட்டு, கீழ்த் தட்டு, பெரியவர்கள் பக்கம் எல்லாம் துழாவினாள். ஒன்றைத் தேடப் போய் ஐந்து இல்லை என்று தெரிந்தது. பேய் பங்களா, கால்பந்து நாவல், தேனீ வளர்ப்பு, வீட்டிலேயே ரேடியோ செய்வது எப்படி, புதிதாகச் சமைப்பவர்களுக்கான சமையல் புத்தகம். ஐந்தும் இரவல் போய்த் திரும்பி வந்துவிட்டதாகத்தான் பதிவாகியிருந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், இலஞ்சியில் இருக்கிறது குத்தாலிங்கம் நினைவு வாசகசாலை. சுரண்டையில் உரக்கடை நடத்தி ஓய்ந்த மகாராஜா அண்ணாச்சி தன் அப்பா பெயரில் கட்டியது. அதில் பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு ரேக். கதவில்லை, பூட்டில்லை. அந்த வயதுக்காரர்கள் மட்டுமே அதிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இந்த ஏற்பாட்டுக்காக நூலகர் சங்கரேஸ்வரி அண்ணாச்சியிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதில் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவே மாட்டாள். கேட்டால் முக்கால்வாசிப் பேர் தோளைக் குலுக்குவார்கள். "நேத்து சாயங்காலம் என்ன செஞ்சே?" என்பாள். மாமா லாரியில் மதுரை வரைக்கும் போனேன் என்று தாணு சொன்னான். அவனுக்கு ஒரு பயணக் கதை. கரண்ட் இல்லை, போர்வைக்குள்ளே பயந்துகொண்டு கிடந்தேன் என்றாள் சஃப்ரின், அவளுக்குப் பேய். எங்க வீட்டு முருங்கையில் தேன்கூடு கட்டியிருக்கு என்றாள் அபர்ணா, அவளுக்குத் தேனீ. சொன்னால் நம்பமாட்டீர்கள், பத்தில் ஒன்பது தடவை சரியாகவே போய் விழும்.

அண்ணாச்சிக்குச் செய்தி எட்டியது. வந்தார், ரேக்கைப் பார்த்தார், சஃப்ரினையும் ஒரு பார்வை பார்த்தார். எந்நேரமும் ரேக்கடியிலேயே கிடக்கிற பிள்ளை அவள். அந்தப் பார்வையில் அவள் முகம் சுருங்கிப் போனது.

"நான் அன்னைக்கே சொன்னேன். சுரண்டையில கண்ணாடி அலமாரிக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு வருது. சாவி எங்கிட்ட இருக்கும். வேணுங்கிற பிள்ள வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கட்டும்."

சங்கரேஸ்வரி ரேக்கைத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பிள்ளை அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்று பேய்க் கதைக்குச் சாவி கேட்கும்? ஒன்றும் கேட்காது. மூன்றே மாதத்தில் ரேக்குக்குத் தூசி தட்டுகிற வேலைதான் மிஞ்சும். சாயங்காலம் வரைக்கும் தவணை கொடுங்கள் என்று கெஞ்சினாள். கண்டுபிடித்துவிட்டால் அலமாரி வேண்டாம் என்று அரைமனதாகச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி போலீஸ் ஏட்டு சொரிமுத்துவுக்குப் போன் போட்டார்.

சொரிமுத்து இதே ஊர்க்காரர், அபர்ணாவின் அப்பா. மனைவி மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து தகப்பனும் மகளும்தான் வீட்டில். பகல் பதினொன்றரைக்கு மழைக்கோட்டோடு வந்து நின்றார். வாசலெல்லாம் தண்ணீர் சொட்டியது. அண்ணாச்சி ஒன்றுவிடாமல் சொல்லி முடித்து, கண்ணாலேயே சஃப்ரினைக் காட்டினார்.

"அந்தப் பிள்ள எடுத்திருக்காது அண்ணாச்சி."

"எப்படிச் சொல்லுதீரு?"

"பாத்தாத் தெரியும்லா. கேஸ் அது இதுன்னு போகாண்டாம். புத்தகம் தானா வந்துரும்."

ஒரு கேள்வி கேட்கவில்லை. வந்த காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். போலீஸ் இப்படி விசாரித்தால் ஊர் உருப்பட்ட மாதிரிதான் என்று அண்ணாச்சி முணுமுணுத்தார்.

சங்கரேஸ்வரி ரேக்குக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எடுத்தவர் யாராக இருந்தாலும் அவரும் ஒரு வாசகர்தானே. வாசகரை எடை போடுவதுதானே தன் வேலை. பேயை எடுத்த ஆள் அடுத்து இன்னொரு திகில் கதையை எடுத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கிறது, தொடவில்லை. கால்பந்து பிடித்த ஆளுக்குக் கபடிப் புத்தகம் கண்ணில் படாமலா போகும்? ரேடியோவும் ரசமும் தேனீயும் ஒரே தலைக்குள் எப்படி ஒத்துப் போகும்? இப்படி ஒரு வாசகர் என்று யாரும் சட்டென்று அவள் நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு அதுதான் பெரிய எரிச்சலாக இருந்தது.

எரிச்சலோடு எழுந்து, மேசையில் கிடந்த ஒரு புத்தகத்தை ரேக்கில் செருகப் போனாள். போகவில்லை. இப்போது சாரல் காலம். ஆனி பிறந்தால் குற்றாலத்துக் காற்று இந்த ஊர்ப் புத்தகங்களையெல்லாம் ஊதிப் பெருக்க வைத்துவிடும். ரேக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பதும் கூடவே வரும், உருவிய இடம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். ஐந்து புத்தகம் போன ரேக் இப்படிக் கல்லுச் சுவர் மாதிரி நிற்குமா?

கை அப்படியே நின்றது. ரேக்கிலிருந்து யாரும் எதையும் எடுக்கவே இல்லை. அந்த ஐந்தும் ரேக்குக்குத் திரும்பி வந்தால்தானே!

பின்வராந்தாவுக்கு ஓடினாள். தகரக் கூரை போட்ட அந்த வராந்தாவில் ஒரு பெஞ்சும் மேசை விசிறியும் உண்டு. சாரலில் நனைந்து வருகிற புத்தகங்களின் தாளுக்கிடையில் பழைய செய்தித்தாளை வைத்து, விரித்து நிறுத்தி, இரவெல்லாம் காயவைப்பாள். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ஆஸ்பத்திரி. காலையில் பெஞ்சில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் அடுக்குவாள். எத்தனை சேர்த்தோம், எத்தனை டிஸ்சார்ஜ் ஆயிற்று என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பெஞ்சுக்கு அடியில் செய்தித்தாள்கள் நாலாக மடித்து, ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன.

துப்புரவு செய்யும் மாடத்தியைக் கூப்பிட்டு, தாளை மடித்து வைத்தது நீயா என்று கேட்டாள்.

"நான் எங்க மடிச்சேன்? நீங்க மடிச்சு வச்சிருக்கியன்னுல்லா நெனச்சேன்."

இவள் மாடத்தி என்று நினைத்திருக்கிறாள். மாடத்தி இவள் என்று நினைத்திருக்கிறாள். எடுத்தவர் அவசரமில்லாமல் ஒவ்வொரு தாளாக உருவி, மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெஞ்சில் இருந்து எடுத்தவர் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுத்த ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஐந்தையும் கடைசியாகத் திருப்பிக் கொடுத்தது யார் என்று யோசித்ததும் சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பது அவளுக்கு மறக்காது. காலையில் வந்தவர் ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதும் புரிந்துபோனது.

மாலை நாலரை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. அபர்ணா நாய் வளர்ப்புப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நானே ஆஸ்பத்திரியில சேத்துருதேன்க்கா" என்று வழக்கம்போல் பின்னால் கொண்டுபோனாள். மற்ற பிள்ளைகள் மேசையில் போட்டுவிட்டு ஓடுவார்கள். இவள் ஒருத்திதான் தன் புத்தகத்தைத் தானே கொண்டுபோய் வைப்பவள். சங்கரேஸ்வரி அண்ணாச்சியைப் பின்பக்க ஜன்னலருகே உட்காரவைத்து, மூச்சு விடாமல் இருங்கள் என்று சைகை காட்டினாள்.

பைக் சத்தம் கேட்டது. மகளைக் கூட்டிப்போக வரும் சொரிமுத்து, மழைக்கு எப்போதும் பின்வராந்தாவில்தான் வண்டியை நிறுத்துவார். இறங்கினார். இப்படியும் அப்படியும் பார்த்தார். மழைக்கோட்டுப் பொத்தானைக் கழற்றி, உள்ளே இருந்து ஒவ்வொன்றாக நாலு புத்தகங்களை எடுத்துப் பெஞ்சில் நிறுத்தினார். நாலாக மடித்த செய்தித்தாளை எடுத்து, விரித்து, தாளுக்கிடையில் வைக்க ஆரம்பித்தார்.

"ஏ சொரிமுத்து," என்று ஜன்னல் வழியாக அண்ணாச்சி கேட்டார், "திருடனப் பிடிக்கவா உம்மக் கூப்பிட்டேன்?"

ஏட்டையா சல்யூட் அடிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றார். சத்தம் கேட்டு அபர்ணாவும் வந்துவிட்டாள்.

சங்கரேஸ்வரி ரேக்கில் இடைவெளி இல்லாததையும், மடித்த தாளையும், ஐந்தும் ஒரே பிள்ளை கையிலிருந்து வந்ததையும் அண்ணாச்சிக்கு விளக்கினாள். ஏன் எடுத்தீர்கள் என்று ஏட்டையாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அவ அம்ம போனதுல இருந்து என்ன கேட்டாலும் 'ம்'முங்கா மேடம். என்ன படிக்கான்னு பாத்தா, என்ன நினைக்கான்னு தெரியும்லான்னு, அவ பெஞ்சில வைக்கதப் பாத்து எடுத்தேன். கேட்டு வாங்கலாம்னா, பெரிய ஆளுக்கு அந்த ரேக்குல இருந்து குடுக்க மாட்டிய. யூனிபார்மப் போட்டுக்கிட்டு பேய்க் கதை கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. மொத்தமா படிச்சுட்டுக் கொண்டாந்து வச்சுரலாம்னு பாத்தேன்."

அண்ணாச்சி வாயைத் திறக்கப் போனார். சங்கரேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னும் முடியல அண்ணாச்சி. எடுத்தது ஏட்டையா. எடுக்கட்டும்னு வச்சது வேற ஆளு."

எல்லாரும் அபர்ணாவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

சங்கரேஸ்வரி தன் மேல்தான் தவறு என்றாள். நேற்று சாயங்காலம் என்ன செய்தாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். முருங்கையில் தேன்கூடு, கலைக்க விடமாட்டேங்குறாங்க என்று பதில் வந்தது. அப்புறம், வீட்டில் கால்பந்து மேட்ச் ஓடியது. பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறது. ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. இந்தப் பிள்ளையின் மனசு ஒன்றில் நிற்கமாட்டேன் என்கிறதே என்றுதான் அவள் நினைத்தாள். அதில் ஒன்றுகூட அபர்ணா செய்ததில்லை என்பது அவள் புத்தியில் உறைக்கவில்லை. அத்தனையும் சொரிமுத்துவின் சாயங்காலங்கள்.

"பேய்க் கதை மட்டும் நான் படிக்க எடுத்ததுக்கா," என்றாள் அபர்ணா. "அது அப்பா பைக் பெட்டிக்குள்ள இருந்துச்சு. பாதியில பஸ் டிக்கெட்ட வச்சுருந்தாரு, அதுக்கு மேல டிக்கெட்டு நகரவே இல்ல. அதான் அவருக்குப் பிடிக்கிற மாதிரி எடுத்தாந்து, இங்கன ஓரமா வச்சேன். நான் கேட்டா அவரும் 'ம்'முனுதான் சொல்லுவாரு."

ஏட்டையா மழைக்கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். அதில் முகம் இன்னும் நனைந்ததுதான் மிச்சம். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஐந்தாவது புத்தகம் எங்கே என்று கேட்டார்.

"சமையல் புத்தகம் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் அண்ணாச்சி," என்று அப்பாவுக்கு முந்தி மகள் சொன்னாள். "ரசம் இன்னும் சரியா வரல."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கோபப்பட அவருக்குத் தெரியாது. ரேக்கடியில் நின்ற சஃப்ரினைக் கூப்பிட்டு, பேய் பங்களாவைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, பயமாக இருந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு படி என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கண்ணாடி அலமாரி வரத்தான் செய்தது. முன்பணம் கொடுத்தாயிற்றே. அதைப் பின்வராந்தாவில் நிறுத்தி, உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார்கள். நனைந்த புத்தகங்கள் அதற்குள் சீக்கிரம் காய்கின்றன. பிள்ளைகள் அதற்கு ஐ.சி.யூ. என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூட்டு மட்டும் அண்ணாச்சி வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போனது. பிள்ளைகளின் அட்டையில் பெற்றவர்களும் அந்த ரேக்கிலிருந்து எடுக்கலாம் என்று விதியும் மாறியது.

அடுத்த சனிக்கிழமை சொரிமுத்து முன்வாசல் வழியாகவே வந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். சமையல் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டார். சங்கரேஸ்வரி எல்லாரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் என்ன செஞ்சிய ஏட்டையா?"

அவர் யோசித்தார். மகளைப் பார்த்தார்.

"நேத்தா? ஒண்ணும் செய்யல மேடம். பேசிக்கிட்டே இருந்துட்டோம். ரசம்கூட வைக்கல."

சங்கரேஸ்வரி பழக்கத்தில் ரேக்கின் பக்கம் கையை நீட்டினாள். அப்புறம் எடுக்காமலே கையை இறக்கிக்கொண்டாள். "நீயே பாத்துக் குடுட்டி" என்று அபர்ணாவிடம் சொல்லிவிட்டு, நகர்ந்து வழிவிட்டாள்.