சோப்புக்குள் ஒரு சட்டைப் பட்டன்!

"வீ...ல்!"

பேக்கிங் ஹாலே அதிர்ந்தது.

ஏணியில் நின்று மின்விசிறிக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்த பூட்டக்கா ஸ்க்ரூடிரைவரைத் தவறவிட்டாள்.

அந்த சோப்புத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் அவள். இடுப்பில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

"என்னடி... ஷாக் அடிச்சுதா?"

"இல்லக்கா... சோப்பு! சோப்புக்குள்ள பாருங்க!"

பேக்கிங் பெண் நீட்டினாள். மஞ்சள் சோப்பு. நட்டநடுவில் நீல நிறத்தில் ஒரு சட்டைப் பட்டன். அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு இழை பச்சை நூல்.

பூட்டக்கா ஏணியிலிருந்து குதித்து இறங்கினாள்.

பச்சை நூல்! நேற்று சாயங்காலம் நீல நூல் தீர்ந்துபோய், தம்பியின் யூனிஃபார்மில் அவள்தான் பச்சையில் தைத்துக் கொடுத்தாள்.

தம்பி இதே இடத்தில் ஃபிட்டர். நின்றால் கொட்டாவி, நடந்தால் கொட்டாவி. கூப்பிடும் பெயரே கொட்டாவி ஆகிவிட்டது.

"கொட்டாவி எங்கடி?"

"காலைல மிக்ஸருக்குள்ள இறங்கறதப் பாத்தேன்க்கா. அப்புறம் பாக்கவே இல்ல..."

பூட்டக்கா ஓடினாள்.

மிக்ஸர்... ஓர் அறை அளவுக்கு இரும்புத் தொட்டி. உள்ளே ஆள் உயரத்துக்கு பிளேடுகள். காலை ஒன்பது மணிக்கு அக்காவும் தம்பியுமாகத்தான் ரிப்பேரை ஆரம்பித்தார்கள். மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, அதில் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு போட்டார்கள். ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, மெஷின் செத்துவிட்டதா என்று பார்த்தார்கள். பிளேடு தானாகச் சரியாமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டையும் முட்டுக் கொடுத்தார்கள்.

பூட்டு ஒன்றுக்கு சாவி ஒன்றுதான். அது பூட்டியவர் பாக்கெட்டில் இருக்கும். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் மெஷின் ஓடாது. பூட்டு தொங்குகிறது என்றால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். முதலாளியே வந்து காலில் விழுந்தாலும் சரி!

பத்து மணிக்குத் தன் வேலை முடிந்ததும் அக்கா தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு போனாள். தம்பியின் பூட்டு மட்டும் தொங்கியது.

இப்போதும் தொங்கியது! தம்பியின் போட்டோ ஒட்டிய அட்டையோடு. 'உள்ளே நான் இருக்கிறேன். தொடாதே!'

"அப்பாடா..."

மூச்சு விட்டவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மூச்சு நின்றது.

உள்ளே யாரும் இல்லை. மரக்கட்டை சுக்குநூறாகக் கிடந்தது. தொட்டிக்கு வெளியே ஏணியடியில் தம்பியின் செருப்பு... ஜோடியாக!

* * *

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். மேனேஜர் ரூமில் கையைக் கழுவிக்கொண்டு நேராக மிக்ஸருக்கு வந்தார்.

"பிணம் எங்கய்யா?"

மேனேஜர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"அது வந்து... நாலாயிரம் துண்டா பேக் ஆகியிருக்கு சார்."

"எ...ன்னது?"

"இன்னிக்கு பேட்ச் சார். எலுமிச்சை வாசனை."

கான்ஸ்டபிள் கவலையோடு குறுக்கிட்டார்.

"போஸ்ட்மார்ட்டத்துக்கு ஆம்புலன்ஸ் பத்தாது சார். லாரிதான் சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மூக்கருகே கொண்டு போனார்.

எலுமிச்சை!

"யோவ் மேனேஜர்... உன் ரூம்ல வெச்சிருந்த சோப்பு..."

"இன்னிக்கு பேட்ச்தான் சார். சாம்பிள்."

இன்ஸ்பெக்டரின் கண்கள் செருகின. கான்ஸ்டபிள் தாங்கிப் பிடித்தார்.

பூட்டக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா போனபோது ஆறு வயது அவனுக்கு. சோறு ஊட்டி வளர்த்த கை இது. வேலைக்குச் சேர்த்துவிட்டு, பூட்டை வாங்கிக் கையில் கொடுத்ததும் இதே கை.

"சார்!" மேனேஜர் குரலை உயர்த்தினார். "இந்தம்மாதான் கரண்ட் ஆளு. தெரியாம ஸ்விட்ச்சைப் போட்டிருக்கும். விசாரிங்க!"

"ஏம்மா... நீதான் ஓட்டினியா?"

"பூட்டு தொங்கினா யாராலயும் ஓட்ட முடியாது சார்! அதான் எனக்கும்..."

சட்டென்று நிறுத்தினாள். எழுந்தாள். பூட்டின் அருகே போய் உற்றுப் பார்த்தாள்.

"சார்... இது என் தம்பி பூட்டு இல்ல!"

"அவன் போட்டோ தொங்குதே?"

"அட்டை அவனுது. பூட்டு அவனுது இல்ல. எல்லாப் பூட்டும் ஒரே மாதிரி இருக்குன்னு அவன் பூட்டுல நான் ரோஸ் கலர் நெயில் பாலிஷ் வெச்சிருந்தேன். இது கடையில இருந்து இப்பதான் வந்த மாதிரி மினுக்குது. புதுப் பூட்டெல்லாம் இருக்கறது ஒரே இடத்துலதான் சார். மேனேஜர் மேஜை டிராயர்!"

மேனேஜரின் முகம் அவர் தயாரிக்கும் சோப்பைவிட மஞ்சளானது.

"கான்ஸ்டபிள்! ரூமைத் தேடு!"

இரண்டே நிமிடம். குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார் கான்ஸ்டபிள். கொக்கி வெட்டப்பட்ட சிவப்புப் பூட்டு... அதில் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு!

மேனேஜர் தடாலென்று இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தார்.

"ஆர்டர் அவசரம் சார்! கூப்பிட்டுப் பாத்தேன், குரல் வரல. ரிப்பேர் முடிச்சுட்டு பூட்டை மறந்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். கட்டரால வெட்டிட்டு ஓட்டிட்டேன். பேட்ச் முடிஞ்ச அப்புறம்தான் செருப்பைப் பாத்தேன். பயந்துபோய் என் பூட்டை மாட்டிட்டேன்..."

"குனிஞ்சு பாத்தியாய்யா உள்ள?"

"இருட்டா இருந்துச்சு சார்..."

"அடப்பாவி!" பூட்டக்கா வெடித்து அழுதாள். "ஒரு தடவ எட்டிப் பாக்க உனக்கு நேரமில்லையா?"

இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"முதல்ல இந்தப் பூட்டைத் திற. சாட்சிக்கு வேணும்."

மேனேஜர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். பூட்டு இன்ஸ்பெக்டர் கைக்குப் போனது. சாவி பழக்கதோஷத்தில் மேனேஜரின் பாக்கெட்டுக்கே திரும்பியது.

அப்போது...

"ஆ...வ்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

வாசலில் பனியனோடு ஓர் உருவம். உடம்பெல்லாம் வெள்ளையாக சோப்புத் தூள். வாய் பிளந்திருந்தது.

"என் சட்டையப் பாத்தியாக்கா? தொட்டி விளிம்புல போட்டிருந்தேன்."

"பே...ய்!"

மேனேஜர் பாய்ந்தோடி எதிரே இருந்த டூல் ரூமுக்குள் விழுந்து இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் விடவில்லை. துரத்திப் போய்க் கையிலிருந்த பூட்டை வெளியே மாட்டி அழுத்தினார்.

க்ளிக்!

பூட்டக்கா தம்பியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. உயிரோடுதான் இருந்தான்!

பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

"எங்கடா போன?"

"தூள் மூட்டை குடோன்ல... ஒரு சின்னத் தூக்கம்க்கா."

"பூட்டை ஏன்டா விட்டுட்டுப் போன?"

"மெஷின் ஓடினா சத்தத்துல தூக்கம் வராதே... பூட்டு தொங்கினா யாரும் ஓட்ட மாட்டாங்கல்ல?"

இன்னொரு அறை விழுந்தது.

"நீ வெளிய இருக்கறப்ப பூட்டு தொங்கினா, நீ உள்ள இருக்கறப்ப எவன்டா அதை நம்புவான்?"

கொட்டாவிக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் நிம்மதியாகக் கையை முகர்ந்து பார்த்தார். இப்போது வாசனை நன்றாகவே இருந்தது.

"சரி, ஸ்டேஷனுக்குக் கிளம்பலாம். மேனேஜரை வெளிய கொண்டா. பூட்டுக்கு சாவி எங்கய்யா?"

டூல் ரூமுக்குள்ளிருந்து ஈனஸ்வரத்தில் குரல் வந்தது.

"என் பாக்கெட்ல சார்..."

கதவில் எறும்பு நுழையக்கூட இடுக்கு இல்லை. இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

"யோவ் கான்ஸ்டபிள்! கட்டரைக் கொண்டா, பூட்டை வெட்டு!"

பூட்டக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"யோசிச்சுப் பண்ணுங்க சார்... இதே வேலையப் பண்ணவருதான் இப்ப உள்ள இருக்காரு!"