ரோசாவின் தம்பி வந்தானா?

"இதுல துப்பாக்கி இருக்கா?" என்று கேட்டான் பிச்சைமுத்து.

"இல்ல," என்றாள் கோமளா.

"பேய்?"

"இல்ல."

"அப்புறம் என்னதான் இருக்கு?"

"யூதர்களைப் பத்தின இங்கிலீஷ் நாவல் இது. தூர தேசத்துலேருந்து கப்பல் ஏறி நியூயார்க் போன குடும்பம். ரோசான்னு ஒரு பொண்ணு..."

பிச்சைமுத்து வாயைத் திறந்தான். அடுத்த கேள்விக்குத்தான் என்று கோமளா நினைத்தாள். வந்ததோ பெரிய கொட்டாவி! வகுப்பே சிரித்தது.

மலாயாவின் ஜாசின் ஊர்ப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் எழுந்து, தனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். பிடித்தவர்கள் அதை வாங்கிப் படிக்கலாம். அன்று ஒரு கைகூட உயரவில்லை.

"இதுக்கு இரண்டாம் பாகம் இருக்கும்மா. இன்னும் நாலு பேராவது படிச்சா, கோலாலம்பூர்லேருந்து வரவழைக்கிறேன்," என்றார் பாக்கியலட்சுமி டீச்சர்.

நாலு பேர்! கோமளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏனென்றால் முதல் பாகம் படுமோசமான இடத்தில் முடிந்திருந்தது. ரோசாவின் தம்பி பென்னிக்குக் கண்நோய் என்று டாக்டர் முதலில் கப்பல் ஏற விடவில்லை. அவன் சித்தியோடு ஊரிலேயே தங்கிவிட்டான். கண் குணமாகி அவன் தனியாக வருகிற நாளில், குடும்பமே துறைமுகத்தில் காத்து நிற்கிறது. கப்பல் வருகிறது. எல்லாரும் இறங்குகிறார்கள். பென்னியைக் காணோம்!

அவ்வளவுதான். அடுத்த பக்கம் அட்டை. இப்படி ஒரு புத்தகத்தை முடிக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

கோமளாவுக்கும் ஒரு தம்பி இருந்தான். பெயர் சின்னத்தம்பி. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும் நேரத்தில் அவனுக்கு அம்மை போட்டிருந்தது. அத்தையிடம் விட்டுவிட்டு வந்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனை அழைத்துக்கொள்ள அப்பா ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார். வீட்டில் யாரும் அவனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசினால் அம்மா அழுவார்.

அன்று சாயங்காலம், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அம்மா விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தார்.

"ரோசாவோட அம்மாவும் வெள்ளிக்கிழமை பொழுது சாயுறப்ப விளக்கு ஏத்துவாங்கம்மா," என்றாள் கோமளா. "ஏத்திட்டு ரெண்டு கையாலயும் கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிடுவாங்க. அவங்க பையன் ஊர்ல நின்னுட்டான். அவனுக்கும் சேத்துத்தான் கும்பிடுவாங்க."

அம்மாவின் கை நின்றது. "யாரு அது? எந்த லயத்துல இருக்காங்க?"

"லயம் இல்லம்மா. இது கதை. அவங்க யூதருங்க."

"யாரா இருந்தா என்ன? பையன் வந்தானா, அதச் சொல்லு."

"அது இரண்டாம் பாகத்துல இருக்கும்மா."

"அப்ப அதக் கொண்டாயேன்!"

அம்மா அப்படிக் கேட்டதும் கோமளாவின் அழுகை போன இடம் தெரியவில்லை. தான் செய்த தப்பும் புரிந்தது. வகுப்பில் அவள் நியூயார்க்கில் ஆரம்பித்தாள். விளக்கில் அல்லவா ஆரம்பித்திருக்க வேண்டும்!

திங்கட்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எஸ்டேட் வாசலில் வரிசையில் நின்றார்கள். அது அவசரகாலம். எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார அரசோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, போகிறவர் வருகிறவர் பையையெல்லாம் காவலர் இஸ்மாயில் சோதிப்பார். பிள்ளைகள் அவரை அண்ணன் முறை வைத்து 'அபாங்' என்று மலாயில் கூப்பிடுவார்கள்; அவருக்கு அவர்கள் 'அடிக்', அதாவது தம்பி தங்கை. அவர் பென்சில் டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பார். வரிசை ஆமை மாதிரி நகரும்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்," என்று ஆரம்பித்தாள் கோமளா, யாரையும் பார்க்காமல். "அம்மா விளக்கு ஏத்துறாங்க. ரோசாவுக்குப் பசி உயிர் போகுது. ஆனா மேசையில ஒரு தட்டு சும்மா இருக்கு. அதை யாரும் தொடக் கூடாது."

"ஏன்?" என்றாள் முன்னால் நின்ற மங்களம்.

"தம்பியோட தட்டு. அவன் இன்னும் ஊர்லேருந்து வரல."

பிச்சைமுத்து திரும்பிப் பார்த்தான். "எந்த எஸ்டேட்ல?"

"எஸ்டேட் இல்ல, நியூயார்க். நீ கொட்டாவி விட்டியே, அதே புத்தகம்தான்."

"அப்பவே தட்டைப் பத்திச் சொல்லியிருக்கலாம்ல! சரி, தம்பி வந்தானா?"

"புத்தகத்துல இருக்கு," என்றாள் கோமளா. அதற்குள் பள்ளிக்கு ஏற்றிப்போகும் லாரி வந்துவிட்டது.

மறுநாள் கப்பல் கதை. அதற்கடுத்த நாள் கண் டாக்டர் கதை. எது கேட்டாலும் கோமளா சொல்லும் பதில் ஒன்றுதான்: "புத்தகத்துல இருக்கு." மங்களம் பொறுக்க முடியாமல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அவளிடமிருந்து சாந்தி. சாந்தியிடமிருந்து அவள் அண்ணன் தங்கையா. பிச்சைமுத்து வாங்கிப் போன மறுநாள், வீங்கிய கண்ணோடு வந்தான்.

"தூசி விழுந்துருச்சுலா," என்றான். யாரும் நம்பவில்லை.

டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டாம் பாகம் வந்தது. லாரியில் வரும்போதே கோமளா உரக்கப் படித்தாள். மேடு பள்ளத்தில் லாரி தூக்கிப் போட்டபோதுகூட யாரும் கத்தவில்லை.

எஸ்டேட் வாசலில் இஸ்மாயில் அபாங் அவள் பையைத் திறந்தார். புதுப் புத்தகத்தைக் கண்டதும் சோதிப்பதையே மறந்துவிட்டார். தினமும் வரிசைப் பக்கத்திலேயே நின்று அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கப்பலுக்கு மலாயிலும் கப்பல்தானே, பாதிக் கதை அவருக்குப் புரிந்திருந்தது.

"அடிக், அந்தத் தம்பி... கப்பல்... வந்தாச்சா?"

"புத்தகத்துல இருக்கு, அபாங்!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அல்லாமா! எனக்கு இங்கிலீஷ் தெரியாதுலா!"

கோமளாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. "வந்துட்டான், அபாங். தொப்பியைத் தேடிக்கிட்டு உள்ளேயே இருந்திருக்கான். கடைசியா இறங்கினான்."

இஸ்மாயில் அபாங் தன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சிரித்தார்.

கோமளா வீட்டுக்கு ஓடினாள். அம்மா விளக்கேற்றத் தீக்குச்சியை எடுத்திருந்தார்.

"அம்மா! வந்துட்டான்!"

யார் என்று அம்மா கேட்கவில்லை. "நல்லா இருக்கானா? மெலிஞ்சு போயிட்டானா?"

கோமளா அந்தப் பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்த்தாள். "அது புத்தகத்துல இல்லம்மா. ஆனா வந்ததும் அந்தத் தட்டுல ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்."

"அப்ப சரி," என்றார் அம்மா. விளக்கை ஏற்றினார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து சின்னத்தம்பியின் தட்டை எடுத்துத் துடைத்து, மற்றத் தட்டுகளோடு வைத்தார்.