சத்தம் ஆகாத சர்வர்

டீச்சரின் தம்பி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காரிலிருந்து மூச்சு வாங்க இறக்கிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது நல்ல வெயில். பேய்க்கு நேரம் காலம் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கூடவே ஒரு சுழல் நாற்காலியும் வந்தது. இரண்டும் மூடப்பட்ட ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் கிடந்தவை. டீச்சர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். நடுவில் குழி விழுந்திருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. அதைத் தான் உட்காரும் இடத்துக்குப் பின்னால் சுவரோரம் தள்ளி, மடித்த துணிகளை அதன்மேல் அடுக்கினாள். எங்கிருந்தோ இருமல் மிட்டாய் வாசனை வந்தது.

டீச்சருக்குக் குரல் கிடையாது. தொண்டையில் செய்த ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுக் குரலைப் பிடுங்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். அவள் தட்டச்சு செய்வதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்க, வீட்டிலிருந்தே ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தலைமையாசிரியை பார்ப்பார். சரிப்பட்டால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் வழியனுப்ப ஒரு மாலை, ஒரு போட்டோ, அதோடு சரி.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய சிஸ்டம், அலுவலகங்களின் பொதுக் கம்ப்யூட்டர்களான சர்வர்களுக்கானது. ஒரு கம்பெனியின் கணக்கு முழுவதையும் அலுக்காமல் சுமக்கும். ஆனால் பாட்டு, கேமரா, வைஃபை என்று மனிதர்களுக்குப் பிடித்ததையெல்லாம் அணைத்தே வைத்திருக்கும். வழக்கமான சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தான் தம்பி. அந்தப் பழைய டிஸ்க்கை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இருக்கறதையே தட்டிக்கொட்டித்தான் ஓட்டணும்க்கா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அவளும் தட்டிக்கொட்டினாள். வைஃபை வசதியைச் சேர்த்ததும், நிறுத்திவிட்டு மறுபடி துவங்க வேண்டும் என்றது மெஷின். சரி என்றால் உடனே ஒரு கட்டம் வந்து நின்றது. எதற்காக நிறுத்துகிறீர்கள், காரணம் எழுதுங்கள். சர்வர்களுக்கு அப்படியொரு வழக்கம், காரணமில்லாமல் அணையாது. 'வைஃபை' என்று எழுதினாள். கேமராவுக்கு ஒருமுறை, படம் திணறாமல் ஓடுவதற்கான கார்டுக்கு ஒருமுறை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி மாளவில்லை. மேலதிகாரிக்கு லீவு லெட்டர் எழுதுவது போல எரிச்சலாக இருந்தது.

கடைசியாக ஒலி. அதையும் யாரோ முடக்கி வைத்திருந்தார்கள். முடுக்கிவிட்டு, 'நான் பேசறேன்' என்று தட்டினாள்.

ஸ்பீக்கர் அதை அப்படியே சொன்னது. கொஞ்சம் மூக்கால் பேசும் பெண் குரல்தான். இருந்தாலும் அவளுடைய வார்த்தை. சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்து, யார் வந்திருப்பது என்று கேட்டார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் ஒலி முடங்கிக் கிடந்தது.

இனிமேல் தானாகவே துவங்கட்டும் என்று மாற்றி வைத்தாள். அதுவும் ஒரு நாள்தான் தாங்கியது. கணவர்தான் கை வைக்கிறார் என்று அவரை முறைத்தாள். அவர் அந்த மெஷினைத் தொடவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். செய்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"கோவிச்சுக்காதே. வீடு அமைதியாத்தானே இருக்கு? எல்லாருக்கும் பழகிடுச்சு."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் வாய் அடைத்ததில் எல்லோருக்கும் உள்ளூர நிம்மதிதான் போலிருக்கிறது. வகுப்புக்கு முதல் நாள் மெஷின் தானாகவே அணைந்து கிடந்தது. சுவிட்சைப் போட்டதும் கட்டம் வந்தது. எதிர்பாராமல் நின்றதற்கு என்ன காரணம்?

யாரோ ஏற்கெனவே பதில் எழுதியிருந்தார்கள்.

'சத்தம்.'

இருமல் மிட்டாய் வாசனை, கழுத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவது போல நெருங்கி வந்தது. திரையைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

தம்பி இழுத்து இழுத்துச் சொன்னான். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவருக்கு அலுவலகத்தில் 'உஷ்' என்றுதான் பெயர். அறைக்குள் யார் வாயைத் திறந்தாலும் உதட்டில் விரலை வைத்துவிடுவாராம். தன் இருமல்கூடக் கேட்கக் கூடாது என்று எப்போதும் வாயில் மிட்டாய். யார் எதை மாற்றினாலும் காரணம் எழுதித் தர வேண்டும். காரணம் பிடிக்கவில்லையென்றால் காதும் காதும் வைத்தாற்போல் பழையபடி ஆக்கிவிடுவார். ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். வெகுநேரம் யாருக்கும் தெரியவில்லை. அறை எப்போதும்போல அமைதியாகத்தானே இருந்தது.

"முதல்லயே சொல்லியிருக்கணும். நான் வந்து எடுத்துட்டுப் போயிடறேன்க்கா."

வேண்டாம் என்று அவள் செய்தி அனுப்பினாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. இத்தனை நாளும் அவள் காரணம் என்று எழுதியதெல்லாம் யாருக்கு? செத்துப்போன ஓர் ஆளுக்கு மனுப் போட்டிருக்கிறாள். பேசுவதற்கு ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா, அதுவும் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு?

மறுநாள் காலை, வகுப்புக்குச் சற்று முன்னால், மெஷினின் அமைப்புக்குள் போய் அந்தக் காரணக் கட்டத்தையே எடுத்துவிட்டாள். பிறகு ஒலியை முடுக்கினாள்.

அறை சில்லிட்டது. ஜன்னலில் வெயில் அப்படியே இருந்தது. தெருவில் ஓடிய வண்டிகளின் சத்தம் நின்றது. கடிகாரச் சத்தம் நின்றது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் அதன் சத்தமும் இல்லை.

ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய மூச்சு ஒன்று வந்தது.

"உஷ்ஷ்ஷ்…"

திரையில் ஒலியின் அளவு தானாக இறங்கத் தொடங்கியது. டீச்சர் மௌஸைப் பிடித்து மேலே ஏற்றினாள். இறங்கியது. ஏற்றினாள்.

மௌஸின் மேல் அவள் கை.

அவள் கையின் மேல் இன்னொரு கை.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மணிக்கட்டுவரை ஐஸில் வைத்த மாதிரி மரத்துப்போனது, எலும்பு நொறுங்குகிற அளவுக்கு அழுத்தியது. அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள்.

"கையை எடு," என்றது அவள் குரல்.

பிடி தளரவில்லை. மறுபடி தட்டினாள்.

"எடுன்னு சொன்னேன். இது என் வீடு. இது என் வாய்."

கனம் மெல்ல விலகியது. தெருவில் எவனோ ஹாரன் அடித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஹாரன் அடித்தவனை மனமார வாழ்த்தினாள்.

வகுப்பு நன்றாகவே போனது. பின்னங்களைப் பற்றிய பாடம். பிள்ளைகள் முதலில் அந்த மூக்குக் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பிறகு எல்லோரும் கணக்குக்குள் இறங்கிவிட்டார்கள். வகுப்பு முடியும் நேரத்தில் தலைமையாசிரியை திரைக்கு வந்தார்.

"நல்லா இருந்துச்சு டீச்சர். திங்கக்கிழமையிலேருந்து நீங்களே எடுங்க. ஒண்ணே ஒண்ணுதான். உங்க பின்னாடி நிக்கிற பெரியவரை அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க. ஆரம்பத்திலேருந்து வாயில விரலை வெச்சுக்கிட்டே நிக்கிறாரு. பிள்ளைங்க பயப்படுது."

டீச்சருக்குப் பிடரி சிலிர்த்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே தட்டினாள்.

"நான் தினமும் பேசுவேன்," என்றது அவள் குரல், அறை முழுவதும் கேட்கும்படி. "பிடிக்கலேன்னா அவர் போகட்டும். இல்லேன்னா உட்கார்ந்து கேக்கட்டும்."

தலைமையாசிரியை ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

அவள் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் எந்தச் சலனமும் இல்லை. பிறகு நாற்காலி கிரீச்சிட்டது.

அப்போதுதான் திரும்பினாள். அவள் அடுக்கி வைத்த துணிகள் மடிப்புக் கலையாமல் தரையில் இறங்கியிருந்தன. நாற்காலியின் நடுவில் அந்தக் குழி மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தது.