சுழலும் பெட்டிக்கு அந்தப் பக்கம்

"மூணு தடவை தட்டுக்கா. உள்ளேருந்து ரெண்டு தடவை தட்டுவாங்க" என்று கிசுகிசுத்தான் ஓன்யோக்.

"தெரியும்டா. கூடையை ஆட்டாதே" என்றாள் தினாய்.

மறுநாள் அவர்களுடைய சித்திக்குக் கல்யாணம். கல்யாணத்தன்று மழை வரக்கூடாதென்றால் கன்னியர் மடத்துக்குப் பன்னிரண்டு முட்டை கொடுக்க வேண்டும். எங்கள் பனாய் தீவில் அப்படித்தான்.

மடத்துக்கு இருநூற்று நாற்பது வயது. மூன்று நிலநடுக்கங்கள் அதன் கூரையைத் தள்ளின. போரின்போது பாதி ஊர் அதற்குள் ஒளிந்திருந்தது. ஆனால் கன்னியர் வெளியே வந்ததே இல்லை. அவர்களுக்கு எதையும் கொடுக்க, சுவரில் பதித்த மரப்பெட்டி ஒன்றுதான் வழி. பீப்பாய் போல உருண்டை, ஒரு பக்கம் திறப்பு. பொருளை வைத்துத் தட்டினால் பெட்டி உள்பக்கம் சுழலும்.

கடைசிக் கன்னியாஸ்திரி இறந்தே முப்பது வருடமாயிற்று. இப்போது காவலாளி தெபான் தாத்தா மட்டும்தான் உள்ளே. "நீங்கதானே சுத்துறீங்க?" என்று கேட்டால், "நான் கிணத்தடியில இருந்தேனே!" என்று கண்ணைச் சிமிட்டுவார்.

தினாய் மூன்று முறை தட்டினாள்.

டொக்.

ஒரே ஒரு தட்டு. பெட்டி சுழலவில்லை.

மறுபடி தட்டினாள். டொக். பெட்டி இடுக்கிலிருந்து சில்லென்று காற்று வந்தது.

ஓன்யோக் வெளிறிப்போனான். "கோபமா இருக்காங்கக்கா. கூடையில பதினொண்ணுதான் இருக்கு. ஒண்ணை நான் அவிச்சுத் தின்னுட்டேன்."

"அடப்பாவி! உப்பு போட்டா?"

"மிளகும்."

வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "தாத்தா!" என்று கத்தினார்கள். பதில் இல்லை.

"தாத்தாவுக்கு ஏதோ ஆயிடுச்சு. என்னை உள்ளே சுத்தி விட்டுட்டு, ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிட்டு வா."

"ஐயோ, பேய் இருக்கும்!"

"இருந்தா அதுகிட்டயே வழி கேட்டுக்கறேன்."

கூடையை மடியில் வைத்துக்கொண்டு தினாய் பெட்டிக்குள் சுருண்டாள். பெட்டி முனகிக்கொண்டே சுழன்றது. இருட்டு. மெழுகு வாசனை. பிறகு வெளிச்சம்.

அந்தப் பக்கம் யாருமே இல்லை.

கூடையை அங்கேயே வைத்துவிட்டு, மூடிய கதவுகளைக் கடந்து ஓடினாள். தூரத்தில், கிணற்றடியில், தெபான் தாத்தா கால் முறிந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து அவரைத் தூக்கினார்கள்.

"காலையிலேருந்து கத்துறேன், ஒருத்தருக்கும் கேக்கலை" என்றார் தாத்தா.

"அதான் பெட்டிகிட்ட தட்டினீங்களே, தாத்தா?"

"இங்கே கிடந்துகிட்டா? என் கை என்ன அவ்வளவு நீளமா?" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "எத்தனை தடவை தட்டிச்சு?"

"ஒண்ணே ஒண்ணு."

தாத்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "நான் எப்பவும் ரெண்டு தட்டுவேன். ஒண்ணு தட்டுறது கடைசியா இருந்த மதர் பெனிதா."

மறுநாள் வெயில் கொளுத்தியது. தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். மடத்தில் யாரும் இல்லை. கல்யாண உடுப்போடு வந்த தினாய், பன்னிரண்டாவது முட்டையைப் பெட்டியில் வைத்துத் தட்டினாள்.

"இதை நான் அவிக்கலைன்னு சொல்லுக்கா" என்றான் ஓன்யோக்.

டொக்.

பெட்டி மெல்ல உள்ளே சுழன்றது. திரும்பி வந்தபோது முட்டை இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு மிளகும் இருந்தன.