சொந்தக்காரத் தெரு

காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியதும் வாங்காததுமாய்ப் பொங்கியண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

“அக்கா சாவியே கொண்டாந்துருச்சு. வாங்கிக்கிட்டா இந்த வாரமே சாமானத்த ஏத்திரலாம். நீ என்ன சொல்ற?”

“நேத்துச் சொன்னதுதானுங்க. அந்த ஊடு வேண்டாம்.”

அவர் மனைவி மயிலாத்தாள் தலை நிமிராமல் சொன்னாள். கூடத்துக் கட்டிலில் இருந்த ராசம்மாளுக்கு அது நன்றாகவே கேட்டது. பொங்கியண்ணனின் அக்கா அவள். கோயமுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கியிருந்தாள். விடியற்காலையில் அவளுக்கு ஒரு வேலை இருந்தால், அது பெரும்பாலும் தம்பி வீட்டில்தான் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை வாடிப் போன வீடுகளில் இதுவும் ஒன்று. தோப்பைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பொங்கியண்ணனுக்குக் கோயமுத்தூரில் ஓர் எண்ணெய் மில்லில் மேற்பார்வை வேலை. மகள் கௌசிகாவுக்கு அங்கேயே ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. குடும்பமே கிளம்புகிறது என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் இருக்கப் போகிறீர்கள்?

ராசம்மாளிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. அவள் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பங்காளிகளும் மாமன் மச்சான்களும்தான். அவள் வீட்டு மாடி காலியாகக் கிடந்தது.

மயிலாத்தாள் பார்த்து வைத்திருந்தது ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. கீழ்வீட்டில் பாலக்காட்டிலிருந்து வந்து துணிக்கடை வைத்திருக்கும் ஐசும்மா. பக்கத்து வீட்டில் ஜிஸ்மி என்ற நர்ஸ். உறவென்று சொல்ல ஒரு நாய்கூட அங்கே கிடையாது.

“அங்க யாரிருக்கறா நமக்கு? ஒரு அவசரம்னா யாரு கதவத் தட்டுவ?” என்றார் பொங்கியண்ணன்.

“பொழுதுசாய நானே போயி அந்தத் தெருவுல நின்னு பாத்தனுங்க. பஸ்ஸவிட்டு எறங்குன புள்ளைங்க ஒருத்தியாச்சும் திரும்பித் திரும்பிப் பாக்கோணுமே… செல்லுல பேசிக்கிட்டு அவபாட்டுக்கு நடந்து போறாளுக. எனக்கு அது போதுமுங்க.”

“புள்ளைக நடக்கறதப் பாத்து ஊடு புடிச்சவ நீ ஒருத்திதான்” என்றாள் ராசம்மாள். அப்புறம் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். “விடு தம்பி… எம்பட கை பட்ட சாவி அவளுக்கு ஆகாதாட்ட இருக்குது. வந்த நாள்ல இருந்து உன்னைய எங்கிட்ட இருந்து பிரிக்கோணும்னு பாத்தா. இப்ப ஒரே ஊருக்கு வந்தும் தெருவ மாத்தி முடிச்சுட்டா.”

“நங்கையா, அப்படியெல்லாம் இல்லீங்க” என்றாள் மயிலாத்தாள் நாத்தனாரிடம்.

“பின்ன எப்படி? காரணத்தச் சொல்லேன்.”

காரணம் இருந்தது. நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்தது. ஆனால் சொன்னால் அந்த முள் மகள் கழுத்தில் தாலியாய் ஏறிவிடும் என்று மயிலாத்தாளுக்குப் பயம்.

போன மாரியம்மன் நோம்பிக்கு ராசம்மாளின் மகன் சந்துரு வந்திருந்தான். அத்தை மகன், முறை மாப்பிள்ளை. அவன் கேலி செய்தால் ஊரே சிரிக்கும். மாட்டுக் கட்டுத்தறியில் தனியாக இருந்த கௌசிகாவின் கையை அவன் முறுக்கிப் பிடித்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிய மயிலாத்தாள்தான் பார்த்தாள். வளையல் உடைந்து ரத்தம் வந்திருந்தது. விடச் சொல்லிக் கத்திய பெண்ணிடம் அவன், “இன்னிக்கில்லாட்டி நாளைக்கு எனக்குத்தான?” என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

வெளியார் ஒருவன் அதைச் செய்திருந்தால் பொங்கியண்ணன் அரிவாளைத் தூக்கியிருப்பார். முறைக்காரன் செய்தால் அதற்கு வேறு பெயர். மயிலாத்தாளின் சின்னம்மா மகள் ஒருத்திக்கு இதுவேதான் நடந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி, கையைப் பிடித்தவனுக்கே அவளைக் கட்டிவைத்துக் காரியத்தைச் சுபமாக முடித்தார்கள். அவள் சிரித்து அதற்கப்புறம் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் மகள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று புருஷனிடமே பொய் சொன்னாள் மயிலாத்தாள். தன்னை வீட்டைப் பிரிப்பவள் என்று சொன்னால் சொல்லட்டும். மகள் தப்பித்தால் போதும்.

“காரணமெல்லாம் இல்லீங்க. எனக்குப் புடிக்கல.”

பொங்கியண்ணன் தம்ளரை நங்கென்று வைத்தார். “அப்ப ஒண்ணு பண்ணு. நீ இங்கயே இருந்துக்கோ. நானும் புள்ளையும் அக்கா ஊட்டுக்குப் போறோம்.”

இதை மயிலாத்தாள் எதிர்பார்க்கவில்லை. தன்மேல் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளத் துணிந்தவளுக்கு, தன்னை விட்டுவிட்டு மகளை மட்டும் அந்த மாடிக்குக் கூட்டிப் போவார் என்று தோன்றவே இல்லை.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த கௌசிகா வெளியே வந்தாள். “அம்மா, நீ இனிப் பேசாத. நாஞ் சொல்றேன்.”

“வேண்டாம் கண்ணு…”

அவள் நிற்கவில்லை. நோம்பியன்று நடந்ததை நின்ற இடத்தில் நின்று முழுக்கச் சொன்னாள். “அவுங்க மாடியில என்னைய வெச்சா ராத்திரி நான் எப்படிப்பா தூங்குவேன்? சந்துரு மாமாகிட்ட ஊட்டுச் சாவி இன்னொண்ணு இருக்கும்.”

ராசம்மாள் முந்தானையை இறக்கினாள். கண்ணில் ஈரமே இல்லை.

“இவ்வளவுதானா? நானும் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். முறைப் பையன் கையத்தான புடிச்சான்? புடிச்சவனே கட்டிக்கட்டும். வர்ற தையிலயே வெச்சுரலாம் தம்பி. வெளிய ஒருத்தருக்குந் தெரியாது.”

பொங்கியண்ணன் அக்காவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அதற்குள் அவர் மனசு எந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது என்பதை மயிலாத்தாள் கண்ணால் கண்டுவிட்டாள். கூடவே வாழ்ந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?

“அக்கா,” என்றார் கடைசியில். “சாவிய எடுத்துக்கிட்டு நீ ஊட்டுக்குப் போ.”

ராசம்மாள் வாசலில் நின்று சாபம் விட்டாள், அழுதாள், செத்துப் போன அம்மாவைக் கூப்பிட்டாள். யாரும் தடுக்கவில்லை. அவள் தெருவைத் தாண்டியதும் பொங்கியண்ணன் மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

“உன்னைய என்னென்னமோ பேசிட்டேனே… எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீங்களும் தையில வெச்சுரலாம்னுதான் சொல்லியிருப்பீங்க.”

இல்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை. மயிலாத்தாள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

“நானும் புள்ளையும் அந்தத் தெருவுக்குப் போறமுங்க. நீங்களும் வாங்க. ஆனா அது எந்தத் தெருன்னு உங்க அக்காகிட்டச் சொல்லாம இருக்க முடியும்னா மட்டும் வாங்க.”

அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் என்ன குழம்பு என்பதைக்கூட அக்காவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுகிற மனுஷர்.

சாமான் ஏற்றிய வண்டி வாளையாறு தாண்டும்போது அவருடைய செல் அடித்தது. முன் சீட்டில் நடுவில் இருந்த மயிலாத்தாள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கை அவள் மடியில் இருந்தது.

“ஆமாக்கா, கெளம்பிட்டோம்… உங்கோவம் தெரியுதுக்கா… எங்கயா?”

கௌசிகா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அத மட்டும் கேக்காதக்கா. உன்னையப் பாக்கோணும்னா நானே வந்து பாத்துக்கறேன்.”

செல்லை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மயிலாத்தாள் அவர் பக்கம் திரும்பவில்லை. இத்தனை மாதமும் புருஷன் முன்னால் ஒரு சொட்டுக்கூட விடாத கண்ணீர், அவள் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.