முதற்குடித் தெருவின் கம்பிகள்

வெள்ளிக்கிழமை விடிந்தால் முதற்குடித் தெருவில் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறிக் கம்பிகளுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். செவ்வாய்க் கிரகத்தில் செங்குடி என்ற ஊர் உண்டான நாளிலிருந்து இது நடப்பதாக நம்பிக்கை. வீட்டின் நான்கு மூலைத் தூண்களின் தலையிலும் இடுப்பளவு உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் துருப்பிடித்த இரும்புக் கம்பிகள் அவை. அவற்றுக்கு ஏக்கத் தண்டுகள் என்று பெயர். பூமியை விட்டு வந்தவர்கள், பூமியை நினைத்து வானத்தை நோக்கி நட்டு வைத்த வழிபாட்டுச் சின்னங்கள் என்பது அறிஞர்கள் கண்ட முடிவு. சில வீடுகளில் கம்பியின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். அது தலைவணங்குவதைக் குறிக்கிறது என்று எழுதி ஒருவர் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். அந்தக் கொக்கியில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. செங்குடியில் துணியைச் சுவரே உலர்த்திக் கொடுத்துவிடுவதால் கொடி என்றால் என்னவென்றே அங்கே தெரியாது.

கம்பிகளைக் காப்பது தொல்முகப்பு வாரியம். வீட்டின் உள்ளே நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வெளியே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஓர் ஆணி அடிப்பதானாலும் வாரியத்தின் அனுமதி வேண்டும். ஒவ்வொரு வீட்டு மாடிப்படியின் உச்சியிலும் பட்டாணி அளவுக்கு ஒரு முகப்புக் கண் பதித்திருக்கிறார்கள். யார் எண்ணெயை மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது வரைக்கும் அதற்குத் தெரியும். ஊரின் புதுப் பகுதிகளில் வீடு கட்டுகிறவர்கள் ஒரு கௌரவத்துக்காகப் பிளாஸ்டிக்கில் கம்பி செய்து கூரையில் ஒட்டிக்கொள்கிறார்கள். முதற்குடித் தெருக்காரர்கள் அவற்றை ஏளனமாகப் பார்ப்பார்கள்.

இந்தத் தெருவில் குடியிருந்த ஞானசேகருக்கு ஊரின் காற்றுக்கூடாரத்தில் கசிவு கண்டுபிடிக்கும் வேலை. செங்குடி முழுவதையும் மூடியிருக்கும் அந்தக் கூடாரத்தில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் அவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். வேலை மனிதனை மாற்றிவிடும் என்பதற்கு அவர் நல்ல சாட்சி. எதைக் கண்டாலும் எங்கே ஓட்டை என்றுதான் முதலில் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால்கூட இன்றைக்கு ஏன் சொன்னார் என்று யோசிப்பார்.

அவருக்கு இப்போது ஓர் அறை தேவைப்பட்டது. கூடாரம் கிழிந்தால் வீடுதான் மூச்சைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை மூச்சு என்று கணக்கு உண்டு. ஞானசேகருடையது மூன்று மூச்சு வீடு. அவரும் மனைவி அங்கையற்கண்ணியும் போக ஒரு மூச்சுக்குத்தான் இடம். மகள் மரகதம் வடதுருவக் குடியேற்றத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். வருவது ஒரு மூச்சு, பிறப்பது ஒரு மூச்சு. இடமில்லாத வீட்டில் பிள்ளை பெறச் சட்டம் விடாது. அவளைத் துருவத்துப் பொதுப் பிரசவக் கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே பெற்றவளுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி, பெற்றவளைப் பெற்றவளுக்குக் கிடையாது. அங்கையற்கண்ணியால் இதைத் தாங்கவே முடியவில்லை.

மாடியில் ஒரு பொருத்தறையை வாங்கி வைத்துவிட்டால் தீர்ந்தது. தொழிற்சாலையில் அச்சாகி வரும் அறை அது. தூக்கி வைத்துப் பூட்டினால் போதும். ஞானசேகர் வாரியத்துக்கு விண்ணப்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுக் கோதண்டம் கேட்டவுடனே சரி என்றுவிட்டார். சரி சொன்னதோடு நிற்காமல் அங்கையற்கண்ணியிடம் ஒரு கிண்ணம் பூசணிக் கூட்டும் கொடுத்தனுப்பினார். மதில்மேல் தூசு தட்டியதற்கே மூன்று மாதம் பேசாமல் இருந்தவர் கோதண்டம். அவர் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது ஞானசேகருக்குச் சரியாகப் படவில்லை. கூட்டை அவர் தொடவில்லை. மனைவி சாப்பிடுவதையும் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடத்தை அளக்க அவர் மாடிக்குப் போனார். பொருத்தறை எங்கே உட்காரும் என்று பார்க்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. கம்பிகள் தூணின் தலையில் நட்டவை அல்ல, தூணுக்குள்ளிருந்தே வருகின்றன. ஒன்றைப் பிடித்து ஆட்டினார். தட்டிக் காது வைத்துக் கேட்டார். சத்தம் அஸ்திவாரம் வரைக்கும் போய் வந்தது. கும்பிடுவதற்கு ஒரு கம்பி போதாதா, அதை எதற்குத் தூணோடு பின்னிக் கீழிருந்து கொண்டுவர வேண்டும் என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது.

வாரியம் ஆய்வுக்கு அனுப்பிய இயந்திரன் மெலிந்த உடம்பும் பணிவான குரலும் கொண்டது. ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்தது. ஞானசேகர் அதற்கு நாற்காலி போட்டார். இயந்திரன் உட்காரவில்லை. ஞானசேகர் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்றார்.

"நான் பார்க்காமல் எதையும் செய்வதில்லை" என்றது இயந்திரன்.

இது புரியாமல் பேசுகிறதா, புரிந்துகொண்டு தூண்டில் போடுகிறதா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. அது போன பிறகு வாரியத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. உரிமையாளர் ஏக்கத் தண்டுகளைப் பிடித்து ஆட்டியதும் தட்டிப் பார்த்ததும் வாரியத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறது, அவை பூமியிலிருந்து வந்த அரிய இரும்பு, அறுத்து விற்கும் எண்ணம் உண்டா என்று விசாரணையில் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கூடவே அவர் கம்பியில் காது வைத்து நிற்கும் படம் ஒன்றும் இருந்தது.

கோதண்டம்தான் எழுதிப் போட்டிருப்பார் என்று ஞானசேகர் நேரே அவர் வீட்டுக்குப் போய் கூட்டுக் கிண்ணத்தைக் காலியாகவே வாசலில் வைத்தார். செங்குடியில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. கோதண்டம் கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். ஞானசேகர் அறிவிப்பை நீட்டினார்.

"எம் பையனுக்கு நிச்சயம் ஆயிருக்கு சார். உங்களுக்கு மாடி கெடச்சா, அதைக் காட்டி நானும் கேக்கலாம்னுதான் சரின்னேன். நான் போய் எழுதிப் போடுவேனா?" என்றார். பிறகு அவரும் குரலைத் தாழ்த்தினார். "நீங்க வாரியத்துல யாரையாச்சும் கவனிச்சிட்டீங்களோன்னு நான்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

ஞானசேகர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். அது மாடிப்படியின் உச்சியிலிருந்து எடுத்தது. கோதண்டம் கிரேன் வைத்து ஏறினாலும் அந்தக் கோணம் கிடைக்காது. காட்டிக்கொடுத்தது ஞானசேகருடைய சொந்த வீட்டு முகப்புக் கண். போன வெள்ளிக்கிழமை அதைத் துடைத்துப் பொட்டு வைத்தவரும் அவர்தான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோதண்டத்திடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் அங்கையற்கண்ணி கிண்ணம் நிறையச் சுண்டல் கொடுத்தனுப்பிச் சரிக்கட்டினாள்.

விசாரணைக்கு வாரியத் தலைவி வேதநாயகி வந்திருந்தார். கம்பி ஆராய்ச்சியில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. நல்ல மனுஷி என்று பெயர், அதனாலேயே ஞானசேகர் கூடுதல் ஜாக்கிரதையாக இருந்தார். முதலில் இயந்திரன் தன் ஆய்வைச் சொன்னது. தூண்கள் ஒற்றைத் தளத்துக்குத் தேவையானதைப் போல் இரண்டு மடங்கு பாரம் தாங்கும், காரணம் தெரியவில்லை என்றது. இதற்காகத்தான் ஞானசேகர் காத்திருந்தார். எழுந்து நின்றார்.

"இது கும்புடறதுக்கு வெச்ச கம்பி இல்லம்மா. பின்னால மேல ஒரு மாடி கட்டணும்னு விட்டு வெச்ச கம்பி. புதுத் தூணை இதோட சேத்து மேல எழுப்பணும். அதுக்குத்தான் தூணும் இவ்வளவு கனமா இருக்கு."

அறையில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேதநாயகி கோபப்படவில்லை. கேட்டுப் பழகிய பொறுமையோடு, ஒரு பழைய ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். ஊரில் முதல் வீடுகளைக் கட்டியவை பேசும் கட்டுமானப் பொறிகள்தான். தங்களிடம் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் அவை சேமித்து வைத்திருந்தன. இந்த ஒலிப்பதிவைச் செங்குடியில் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் காலையில் இதைப் போட்ட பிறகுதான் பாடமே தொடங்கும்.

முதலில் பொறியின் குரல் வந்தது. "மேலே நான்கு மூலையிலும் கம்பிகள் நீண்டிருக்கின்றன. வெட்டட்டுமா?"

ஒரு மனிதன் தொண்டையைச் செருமினான். "வேணாம். இருக்கட்டும்."

"எதற்கு?"

"இருக்கட்டும்ப்பா."

அறையில் இருந்த அத்தனை பேரும் தன்னிச்சையாக "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று முணுமுணுத்தார்கள். செவ்வாயில் சொல்லப்பட்ட முதல் பிரார்த்தனை அது. எல்லாம் நிலைத்திருக்கட்டும், பூமியும் நாமும் இருக்கட்டும் என்பது அதன் பொருள் என்று உரை எழுதியவரே வேதநாயகிதான். இந்தத் தெருவில் வீடு கட்டிய ஒவ்வொருவரும் இதே கேள்விக்கு இதே சொல்லைத்தான் பதிலாகச் சொல்லியிருந்தார்கள்.

"முதற்குடித் தெருவில எத்தனை வீடு இருக்கு?" என்று கேட்டார் வேதநாயகி.

"அறுபதும்மா."

"வாரியம் வந்ததே ரொம்பப் பின்னாடி. அதுக்கு முன்னால யாரும் தடுக்கல. எத்தனை வீட்டுல மாடி இருக்கு?"

"ஒண்ணுலயும் இல்லம்மா."

"மாடி கட்டத்தான் விட்டாங்கன்னா ஒருத்தராவது கட்டியிருக்க மாட்டாங்களா? அறுபது குடும்பமும் அப்பன், மகன், பேரன்னு நாளைக்குப் பாத்துக்கலாம்னு கம்பியை மட்டும் விட்டுட்டுப் போய்ச் சேர்ந்திருப்பாங்களா? புத்தியுள்ள மனுஷன் எவனாவது அப்படிச் செய்வானா, நீங்களே சொல்லுங்க."

வாழ்நாள் முழுவதும் ஓட்டை தேடிய மனிதர் அந்த வாதத்தை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். எங்கும் கசியவில்லை. தான் நினைத்தது சரிதான் என்ற நம்பிக்கை அவருக்கே ஆட்டம் கண்டது. உட்கார்ந்துவிட்டார். விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. கம்பிகளைத் தொட்டதற்காக அடுத்த வெள்ளிக்கிழமை தெரு முழுவதுக்கும் அவரே எண்ணெய் தேய்க்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

வெளியே வரும்போது வேதநாயகி அவரை நிறுத்தினார். மகள் பிரசவத்துக்கு வருவது அவருக்குத் தெரிந்திருந்தது. முகப்பு என்பது கண்ணுக்குத் தெரிவது, தரைக்குக் கீழே என்ன செய்தாலும் வாரியம் கேட்காது என்று அவராகவே சொன்னார். ஞானசேகருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இந்த அம்மாளுக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

கீழே தோண்டுவது அவருக்கும் தெரியாததல்ல. கூடாரம் எழும்பும் வரை முதலில் வந்தவர்கள் மண்ணுக்குள் பொந்து வெட்டிக் கிடந்தார்கள். அதனாலேயே தரைக்குக் கீழே வசிப்பது செங்குடியில் கேவலம். சம்பந்தம் பேசும்போது பொந்துக் குடும்பம் என்று ஒரு வார்த்தை விழுந்தால் தாம்பூலத்தட்டு திரும்பிப் போய்விடும். என் பெண்ணைப் பொந்தில் படுக்க வைக்க மாட்டேன் என்று அங்கையற்கண்ணி ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். இப்போது அவளே வழிக்கு வந்தாள்.

"வாரியம் ஏன் சொல்லுது, எதுக்குச் சொல்லுதுன்னு நீங்க உக்காந்து சந்தேகப்பட்டுக்கிட்டு இருங்க. மரகதம் அங்க கப்பல் ஏறியாச்சு. பொந்துன்னா பொந்துதான். எம் பேத்தி பொறக்கும்போது அவ கையை நான் புடிச்சுக்கிட்டு நிக்கணும்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஞானசேகர் அன்றைக்கே ஒரு கட்டுமானப் பொறியை வாடகைக்குப் பிடித்தார்.

பொறி கூடத்தின் நடுவில் குழி வெட்டிக்கொண்டு இறங்கியது. கோதண்டம் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கும் அதே பொறியைச் சொல்லி வைத்தார். மரகதம் கை நிறைய வளையல்களோடு வந்து இறங்கிய அன்று சுவர்கள் எழும்பிவிட்டிருந்தன. அவள் படியில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையுமாக நின்று கீழே பார்த்து, மேல் அறையைவிட இதுவே குளுகுளுவென்று இருக்கிறது என்றாள். பேத்தி இந்த மண்ணில்தான் பிறக்கப்போகிறாள் என்பது அப்போதுதான் ஞானசேகருக்கு உறைத்தது. சந்தேகப்பட ஒன்றும் அகப்படாத சந்தோஷம் அவருக்குப் புதிது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் வேலையை மேற்பார்க்கக் குழிக்குள் இறங்கினார்.

தரை போடும் வேலைதான் பாக்கி. நான்கு மூலைக் குழிகளிலும் தூண் கம்பிகள் தேவைக்கு மேல் ஒரு முழம் கீழே நீட்டிக்கொண்டிருந்தன. ஞானசேகர் குனிந்து அவற்றைப் பார்த்தார். பிறக்கப்போகிறவள் வளருவாள். அவளுக்கும் ஒரு கல்யாணம், ஒரு பிரசவம் என்று வராமலா போகும். அப்போது இதற்கும் கீழே ஒரு தளம் இறக்க வேண்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று நினைத்தார்.

"கீழே நான்கு மூலையிலும் கம்பிகள் நீண்டிருக்கின்றன. வெட்டட்டுமா?" என்று கேட்டது பொறி.

ஞானசேகர் தொண்டையைச் செருமினார்.

"வேணாம். இருக்கட்டும்."

"எதற்கு?"

"இருக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு அவர் மகளைப் பார்க்க மேலே ஏறினார். பொறி அந்தக் குரலைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டு தரையைப் போட்டு மூடியது.